தங்கமா என்று சொல்ல வேண்டியவர் யார்?

விக்டோரியா ராணி அரியணை ஏறி 50 ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாட 1887-ல் பிரிட்டன் புதிய நாணயங்களை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று ஆறு பென்ஸ் வெள்ளிக் காசு. ஒரு பக்கம் ராணியின் முகம், மறுபக்கம் அரசுக் கேடயம். காசின் மதிப்பு எங்கும் எழுதப்படவில்லை. அகலத்திலும் அச்சிலும் அது அரைச் சவரன் தங்கக் காசை ஏறக்குறைய அப்படியே ஒத்திருந்தது. மோசடிக்காரர்கள் அந்த வெள்ளிக் காசுக்குத் தங்க முலாம் பூசி, பத்து ஷில்லிங் மதிப்புள்ள அரைச் சவரன் என்று கடைகளில் மாற்றினார்கள். போட்ட காசு இருபது மடங்காகத் திரும்பியது. அதே ஆண்டிலேயே அரசு அந்த அச்சைக் கைவிட்டு, மதிப்பை எழுத்தில் பொறிக்கும் வடிவத்துக்கு மாறியது. அரைச் சவரனின் எடை 3.99 கிராம்; ஆறு பென்ஸின் எடை 2.83 கிராம். ஏமாந்த கடைக்காரர்கள் காசைக் கண்ணால் பார்த்தார்களே தவிர, தராசில் வைக்கவில்லை.

அதே மயக்கம் தமிழ்நாட்டு வீடுகளில் இன்றும் தொடர்கிறது. தாத்தாவோ பாட்டியோ காலமாகி, பதினாறாம் நாள் காரியம் முடிந்து, டிரங்குப் பெட்டியைத் திறக்கிறார்கள். பத்திரங்களுக்கும் பழைய ரேஷன் அட்டைக்கும் அடியில், துணியில் முடிந்த ஒரு காசு. யாரோ ஒருவரின் தலை, ஒரு வருடம், மஞ்சள் பளபளப்பு. “அப்பா ரங்கூனில் இருந்து கொண்டுவந்தது” என்கிறார் அத்தை. “இல்லை, மில்லின் வெள்ளி விழாவில் கொடுத்தது” என்கிறார் பெரியப்பா. மறுநாள் அதைக் கடைவீதிக்கு எடுத்துப் போகிறார்கள். பழைய தங்கம் வாங்குபவர் உரசிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்கிறார். காசு கை மாறுகிறது, அல்லது மறுபடியும் துணிக்குள் போகிறது.

இந்த நடைமுறை மாற வேண்டும். வாங்கப் போகிறவரே சோதித்துச் சொல்வது நியாயமான ஏற்பாடு ஆகாது. தரம் குறைவு என்று அவர் சொன்னால் அவருக்கே லாபம். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். பெரும்பாலானோர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனாலும் விற்பவர் கையில் சரிபார்க்க எதுவுமே இல்லாத இடத்தில், ஒருவருடைய நேர்மையை மட்டும் நம்பி ஒரு குடும்பத்தின் சொத்தை ஒப்படைக்கச் சொல்வது சரியில்லை.

பெட்டிக்குள் இருப்பது எது?

முதலில், கையில் உள்ளது எந்த வகை என்று பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

பழைய வீடுகளில் கிடைக்கும் உண்மையான தங்கக் காசுகளில் முக்கியமானது பிரிட்டிஷ் சவரன். பவுனுக்கு நாம் சொல்லும் ‘சவரன்’ என்ற பெயரே அந்தக் காசிலிருந்து வந்ததுதான். 1899 சட்டப்படி அது இந்தியாவில் 15 ரூபாய்க்குச் சமமாகச் செல்லுபடியானது. 1918-ல் பம்பாயிலேயே சவரன் அச்சடித்தார்கள். அந்தக் காசில், குதிரை மீதிருக்கும் புனித ஜார்ஜின் காலடித் தரையில், ‘ஐ’ என்ற சிறிய ஆங்கில எழுத்து இருக்கும். பம்பாய்ச் சவரன் அந்த ஓர் ஆண்டு மட்டுமே வந்தது. ஆகவே அந்த எழுத்தோடு வேறு பழைய வருடம் பொறித்த சவரன் கையில் இருந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும். சவரனின் எடை 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர், தடிமன் 1.52 மில்லிமீட்டர். 22 காரட், அதாவது 7.32 கிராம் சுத்தத் தங்கம், மீதி பெரும்பாலும் செம்பு. இன்று நாம் கணக்குப் போடும் எட்டு கிராம் பவுன், இந்த எடையை முழுமையாக்கியதுதான்.

இரண்டாவது வகை, சுதந்திர இந்தியா வெளியிட்ட நினைவு நாணயங்கள். வீடுகளில் கிடைக்கும் இவற்றில் தங்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். 1969-ல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த 10 ரூபாய் நாணயம் 80 சதவீதம் வெள்ளி. அதே நூற்றாண்டுக்கு வந்த 20 பைசாவும், அதற்குச் சற்று முன் வந்த தாமரைப் பூ 20 பைசாவும் மஞ்சள் நிறத்தில் மின்னின. அவற்றில் தங்கம் கலந்திருக்கிறது என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவி, பலர் அவற்றைச் சேர்த்து வைத்தார்கள். இரண்டுமே செம்பு கலந்த மஞ்சள் உலோகம். அவற்றில் குன்றிமணித் தங்கமும் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010-ல் அறிவிக்கப்பட்ட 1,000 ரூபாய் நாணயமும் தங்கம் அல்ல. 35 கிராம் எடையில் 80 சதவீதம் வெள்ளியும் 20 சதவீதம் செம்பும் சேர்ந்தது.

மூன்றாவது வகைதான் அதிகம் ஏமாற்றுவது. நிறுவனங்களின் பொன்விழாப் பதக்கங்கள், தலைவர்களின் முகம் பொறித்து அழகான பெட்டியில் விற்கப்பட்ட தனியார் வில்லைகள், வெளிநாட்டுச் சுற்றுலாவில் வாங்கிய நினைவுக் காசுகள். இவற்றில் மதிப்பு எழுதியிருக்காது. நாட்டின் பெயரும் இருக்காது. ‘999’ என்று இருப்பதைப் பார்த்ததும் தங்கம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சுத்த வெள்ளியிலும் அதே 999-ஐத்தான் பொறிப்பார்கள். ‘925’ என்று இருந்தால் உள்ளே வெள்ளி, மேலே முலாம். ‘ஜி.பி.’, ‘எச்.ஜி.இ.’ போன்ற ஆங்கில எழுத்துகள் முலாம் பூசியது என்பதை அந்தக் காசே ஒப்புக்கொள்வதற்கு அடையாளம்.

பெயரில் தங்கம் இருப்பதால் பொருளும் தங்கமாகிவிடாது என்பதற்கு ஒலிம்பிக்கைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. முழுத் தங்கத்தில் பதக்கம் கொடுத்தது 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கோடு முடிந்தது. டோக்கியோவில் ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ரா வாங்கிய தங்கப் பதக்கத்தின் எடை சுமார் 556 கிராம். அதில் தங்கம் ஆறு கிராம் சொச்சம், மற்றதெல்லாம் வெள்ளி.

நான்காவது, நம் ஊர்ப் பத்தர்கள் காசுமாலைக்காக அடித்த காசுகள். ராஜா தலையும் இருக்கும், லட்சுமியும் இருப்பாள். தங்கம்தான், ஆனால் எந்த நாணயச் சாலையிலும் அச்சானது அல்ல. ஒவ்வொரு பட்டறைக்கும் தரம் வேறுபடும். மாலையில் கோத்ததற்காக வளையம் பற்றவைத்திருந்தால், அந்தப் பற்றாசின் எடையும் சேர்ந்துகொள்ளும். உண்மைச் சவரனிலும் இப்படி வளையம் வைத்தது உண்டு என்பதால், எடை சற்றுக் கூடியதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இரண்டு கேள்விகள், இரண்டு பதில்கள்

“இது அசலா?” என்று கேட்கும்போது நாம் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். உலோகம் தங்கமா என்பது ஒன்று. நாணயம் அது சொல்லிக்கொள்ளும் நாணயமா என்பது இன்னொன்று.

1986-ல் ஜப்பான், மன்னர் ஹிரோஹிட்டோ ஆட்சிக்கு வந்த 60-ஆவது ஆண்டுக்காக 1 லட்சம் யென் மதிப்புள்ள தங்க நினைவு நாணயத்தை வெளியிட்டது. எடை 20 கிராம், சுத்தத் தங்கம். ஆனால் அதிலிருந்த தங்கத்தின் விலை, முகமதிப்பில் பாதிக்கும் குறைவு. 1990-ல், வெளிநாட்டிலிருந்து வந்த இந்த நாணயங்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவை போலி என்று ஜப்பான் போலீஸ் அறிவித்தது. அவற்றிலும் இருந்தது தங்கம்தான். 40 ஆயிரம் யென் தங்கத்தை 1 லட்சம் யென் ஆக்க முடிகிறபோது பித்தளையைத் தேடிப் போக அவசியம் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியின் மிலான் நகரில் முழுத் தங்கத்திலேயே கள்ளச் சவரன்கள் அடித்த பட்டறையும் உண்டு.

இதனால் நமக்கு என்ன? எடைக்கு விற்கிறவருக்கு முதல் கேள்வி போதும். உள்ளே 22 காரட் தங்கம் இருக்கிறது என்றால் அந்தத் தங்கத்துக்கு விலை உண்டு. ஆனால் சில வருடத்துச் சவரன்களுக்கும் அரிய அச்சுகளுக்கும் சேகரிப்பாளர்கள் தங்க விலையைவிட மிகக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அந்த இடத்தில் இரண்டாவது கேள்விதான் விலையைத் தீர்மானிக்கிறது. அதற்குப் பதில் சொல்லத் தங்க வியாபாரியால் முடியாது. நாணயவியல் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

வீட்டிலேயே செய்யக் கூடியது

ஒரு சொட்டு அமிலமும் இல்லாமல், காசில் ஒரு கீறலும் விழாமல் முதல் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, ஒரு வெர்னியர் அளவி, ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் நூல் போதும்.

காசை நிறுத்து, விட்டத்தையும் தடிமனையும் அளந்துகொள்ள வேண்டும். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் சரியாக இருப்பது போலிக்கு மிகக் கடினம். தங்கம் அவ்வளவு கனமான உலோகம். சவரனின் அதே அகலத்திலும் தடிமனிலும் பித்தளையில் ஒரு காசு செய்தால் அது நான்கு கிராமைக்கூடத் தொடாது. எடையைச் சமன் செய்ய வேண்டுமானால் தடிமனை இரட்டிப்பாக்க வேண்டும். உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து தண்ணீர்ச் சோதனை. தண்ணீர் உள்ள டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிட வேண்டும். காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. அப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். சவரன் என்றால் தராசு 0.45 அல்லது 0.46 காட்டும், 7.99-ஐ அதனால் வகுத்தால் 17.5-ஐ ஒட்டி வரும். சுத்தத் தங்கத்துக்கு 19.3. வெள்ளிக்கு 10.5, ஈயத்துக்கு 11.3, பித்தளைக்கு எட்டரை. முலாம் எத்தனை அழகாக இருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸின் பெயரில் வழங்கும் விதி இதற்கு அடிப்படை; பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான்.

ஓர் உலோகம் மட்டும் இந்தச் சோதனையை ஏமாற்றும்: டங்ஸ்டன். அதன் அடர்த்தி 19.25. ஆனால் அது மிகக் கடினமானது. அதில் நுணுக்கமான அச்சைப் பதிப்பது எளிதல்ல. எனவே அந்தக் கவலை பெரிய தங்கக் கட்டி வாங்குகிறவர்களுக்குத்தான் அதிகம். மின்கடத்தும் திறனை அளந்தால் டங்ஸ்டனும் அகப்பட்டுவிடும், ஏனென்றால் சுத்தத் தங்கத்தின் கடத்துதிறனில் பாதிகூட அதற்கு இல்லை.

காந்தச் சோதனையைப் பலர் பெரிதாக நம்புகிறார்கள். காந்தம் இழுத்தால் இரும்போ எஃகோ நிக்கலோ இருக்கிறது என்று தெரியும். இழுக்காவிட்டால் எதுவும் தெரியாது. பித்தளை, செம்பு, வெள்ளி, ஈயம் எதையும் காந்தம் இழுப்பதில்லை.

செய்யக் கூடாததையும் சொல்ல வேண்டும். பல்லால் கடிப்பது, அரத்தால் ராவுவது, வீட்டில் அமிலம் ஊற்றுவது எதுவும் வேண்டாம். அதைவிட முக்கியமாக, பூந்திக்கொட்டை போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். நகைக்கு அது நல்லது. பழைய நாணயத்துக்கு அது கெடுதல்; தேய்த்த காசைச் சேகரிப்பாளர்கள் குறைந்த விலைக்கே கேட்பார்கள்.

உரைகல்லும் எந்திரமும்

‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று நாம் இன்றும் சொல்கிறோம். மாற்று என்பது உரைகல்லில் உரசித் தரம் சொன்ன காலத்து அளவு. தேர்ந்த பத்தரின் கண் அந்தக் கோட்டின் நிறத்தில் இரண்டு காரட் வித்தியாசத்தையும் கண்டுபிடிக்கும். அந்தத் திறமைக்கு மரியாதை செய்யத்தான் வேண்டும். ஆனால் உரைகல் மேல்தோலை மட்டுமே படிக்கிறது. முலாம் தடிமனாக இருந்தால் கல்லில் விழுவது முலாமின் கோடு. ஆழமாக உரசினால் உண்மை தெரியும், நாணயத்தின் முகமும் போகும்.

இன்று கடைகளில் ‘கம்ப்யூட்டர் டெஸ்ட்’ என்று சொல்வது எக்ஸ்-கதிர் ஒளிர்வு எந்திரம். காசைச் சேதப்படுத்தாமல் ஒரு நிமிடத்துக்குள் சதவீதம் காட்டுகிறது. எண் அச்சாகி வருவதால் அதுவே இறுதித் தீர்ப்பு என்று மக்கள் நம்புகிறார்கள். தங்கத்தில் அதன் பார்வை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இறங்கும். அதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. அடர்த்தியும் எந்திரமும் ஒரே பதிலைச் சொன்னால் நம்பலாம். ஒன்றுக்கொன்று முரண்பட்டால் மேலே முலாம் இருக்கிறது என்று பொருள். எந்திரம் இல்லாத சோதனைகளில் மிகத் துல்லியமானது சிறு துண்டை வெட்டி, உருக்கிப் புடமிட்டு நிறுப்பது. ஆனால் வெட்டிய நாணயம் நாணயமாக இருக்காது. ‘உருக்கிப் பார்த்தால்தான் தெரியும்’ என்று யாராவது சொன்னால், காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுவதே நல்லது.

என்ன செய்ய வேண்டும்?

வாங்கும் கடைகளின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. இலவசமாகச் சோதித்துக் கொடுக்கிறோம், தலைமுறை தலைமுறையாக ஊரின் நம்பிக்கையைப் பெற்றிருக்கிறோம், சந்தேகம் இருந்தால் நான்கு கடை ஏறி விசாரிக்கட்டுமே என்கிறார்கள். நான்கு கடை ஏறுவது நல்லதுதான். ஆனால் நான்கு பேரும் வாங்குபவர்களே. திருமணச் செலவுக்கும் மருத்துவமனைக் கட்டணத்துக்கும் அவசரமாகக் காசோடு வருகிறவருக்கு, நான்கு கடை ஏற நேரமும் தெம்பும் இருப்பதில்லை. பெரும்பாலும் பெண்கள், அதிலும் வயதானவர்கள்தான் இப்படித் தனியாக வந்து நிற்கிறார்கள்.

சோதனையையும் விற்பனையையும் பிரிப்பதற்கான கட்டமைப்பு நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. இந்திய தர நிர்ணய அமைவனம் 2000-லிருந்து தங்க நகைகளுக்கு ஹால்மார்க் வழங்கிவருகிறது. 2021 ஜூனில் அது படிப்படியாகக் கட்டாயமானது. அமைவனம் அங்கீகரித்த சோதனை மையங்கள் பொதுமக்களின் ஹால்மார்க் இல்லாத பழைய நகைகளையும் சோதித்துக் கொடுக்கின்றன. நான்கு நகைகள் வரை 200 ரூபாய், ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்றுக்கு 45 ரூபாய் என்று 2022-ல் கட்டணமும் அறிவிக்கப்பட்டது. இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது.

அமைவனம் இதை நகையோடு நிறுத்தாமல் பழைய நாணயங்களுக்கும் வெளிப்படையாக விரிவுபடுத்த வேண்டும். வெட்டாமல், உரசாமல், எடை, விட்டம், அடர்த்தி, மேற்பரப்பின் தங்க அளவு ஆகிய நான்கையும் தமிழில் எழுதிய ஒரு சான்றைத் தர வேண்டும். ஹால்மார்க் இல்லை என்பதால் பழைய சவரன் போலியாகிவிடாது என்பதையும் மக்களுக்கு விளக்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனிலும் பம்பாயிலும் அச்சான காசில் இந்திய ஹால்மார்க் இருக்க வழியில்லை.

பழைய தங்கம் வாங்கும் கடைகள், விலை பேசும் முன் எடை, காரட், சோதித்த முறை மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி வர வேண்டும். விற்க மனமில்லாமல் திரும்புகிறவருக்கும் அந்தச் சீட்டு சொந்தம். நினைவுப் பதக்கம் விற்கிற நிறுவனங்கள் உலோகத்தின் பெயரைப் பதக்கத்தின் மேலேயே பொறிக்க வேண்டும். பெட்டியோடு வரும் காகிதம் பத்து வருடத்தில் தொலைந்துபோகும். பேரன் கைக்கு வருவது பதக்கம் மட்டும்தான். மதிப்பை எழுதாமல் விட்டதால் வந்த வினையை பிரிட்டன் 1887-லேயே உணர்ந்து, சில மாதங்களுக்குள் சரிசெய்தது.

குடும்பங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், ராஜராஜ சோழன் கொடுத்த பொன்னும் ‘ஆடவல்லான்’ என்ற பெயர் கொண்ட எடைக்கல்லால் நிறுக்கப்பட்டு எழுதப்பட்டிருக்கிறது. கொடுத்தவன் சக்கரவர்த்தி. கொண்டது கோயில். அப்படியும் எந்தக் கல்லால் நிறுத்தார்கள், எடை எத்தனை என்பதை ஒளிக்காமல் சுவரில் வெட்டினார்கள். அத்தையும் பெரியப்பாவும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். அந்தக் காசு யார் கொண்டுவந்தது, எந்த வருடம், என்ன காரணத்துக்காக என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்த எடையையும் அளந்த விட்டத்தையும் தேதியோடு அதன்கீழ் குறித்து, அந்தச் சீட்டைக் காசோடு சேர்த்து முடிந்து வையுங்கள். கடைவீதிக்குப் போவதென்றால் அதற்குப் பிறகு போங்கள்.